சுமை இறக்கும் திட்டம்

ஸ்ரீரங்கத்து மானிய அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டருக்கு வேலைப்பளு அதிகம் என்று மேலிடம் கண்டுபிடித்தது. கருணையோடு ஆணையும் பிறந்தது: கடினமான கணக்குகளை அது இனி போடாது, வெளியே உள்ள கருவிகளுக்கு அனுப்பிவைக்கும். வெளியே என்றால் வெகுதூரமில்லை. வராண்டாவில் காத்துக்கிடக்கும் ஜனங்களின் போன்.

திருவெள்ளறை வெள்ளைச்சாமியின் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. தோட்டத்து வாழையெல்லாம் தலை தொங்கிவிட்டது. சிறு விவசாயி மானியத்தில் புது மோட்டார் கேட்டு வந்திருந்தார். மருமகன் வாங்கித்தந்த போனை, அலுவலகத்தில் சொன்னபடி அவர்கள் வைஃபையில் இணைத்தார். கொஞ்ச நேரத்தில் சட்டைப்பை சுட்டது.

உள்ளே ஏசியில் கம்ப்யூட்டர் ஜில்லென்று இருந்தது. அதிகாரி பானுப்ரியா அதற்குச் சால்வை போர்த்தியிருந்தார். அப்படியானால் அது என்னதான் செய்கிறது என்று வெள்ளைச்சாமி விசாரித்தார். மேற்பார்வை என்று பதில் வந்தது.

வராண்டாவில் புது மோஸ்தர் கிளம்பியது. யார் போன் அதிகம் சுடுகிறதோ அவருக்கே மதிப்பு. மனுவோடு வந்திருந்த பிச்சமுத்துவின் பழைய போன் சுடவே இல்லை. மனிதர் மூலையில் போய் நின்றுகொண்டார். வெள்ளைச்சாமியின் போனைத் தொட்டவர்கள் கையை உதறினார்கள். அவருக்கு உட்கார நாற்காலி கிடைத்தது.

மதியம் வெள்ளைச்சாமியின் முடிவோடு பானுப்ரியா வந்தார்.

"தள்ளுபடி ஆயிடுச்சுங்க ஐயா."

"எதுக்கும்மா?"

"இவ்வளவு பெரிய கணக்கை இவ்வளவு சீக்கிரம் போடுற போன் வச்சிருக்கீங்க. வசதியானவங்களுக்கு மானியம் கிடையாது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"உங்க போன்தான். நாங்க தலையிடவே இல்லை."

"அப்ப பிச்சமுத்துவுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கலாம். அவர் போன் கணக்கை முடிக்கணும். எப்ப முடிக்கும்னு அதுக்கே தெரியலை."

மேல்முறையீடு உண்டா என்றார் வெள்ளைச்சாமி. தாராளமாக உண்டு. ஆனால் அது இதைவிடப் பெரிய கணக்கு. இதைவிடப் பெரிய போன் கொண்டுவர வேண்டும்.

வெள்ளைச்சாமி வாயில் வந்ததை முணுமுணுத்தபடி பஸ் ஏறினார். பக்கத்துத் தோட்டத்து சந்திரம்மாள் உள்ளே இருந்தார். அவர் மோட்டாரும் எரிந்து ஒரு வாரம்.

"மோட்டார் கிடைச்சுதாண்ணே?"

"அதை விடும்மா. இன்னிக்கு ஆபீஸே என் போன்லதான் ஓடுச்சு. தொட்டுப் பாரு."

சந்திரம்மாள் தொட்டார். கையை உதறினார். பின்சீட்டிலிருந்தும் இரண்டு மூன்று கைகள் நீண்டன. வெள்ளைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கடையில வாங்கினதுண்ணே?" என்றார் சந்திரம்மாள். "நாளைக்கு நானும் மனு கொடுக்கப் போகணும்."