குடிலுக்குள் வந்த ராஜசாரஸ்

திண்டுக்கல்,
14.12.2003

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா சூசைமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் குஜராத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் ஒரு பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறோம். இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாத மனுஷன் இப்போது எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். ஒரு சந்தேகம் கேட்கத்தான், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். பரவாயில்லை. ஆராய்ச்சிதான் முக்கியம். அதற்காக இங்கே யாரும் வருத்தப்படவில்லை.

விஷயம் என்னவென்றால், நீ அம்மாவுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு படம் இருந்ததல்லவா, ராஜசாரஸ் என்று கறி தின்கிற பெரிய டைனோசர், அந்தப் படத்தை நான் பார்த்தேன். உன் கடிதத்தைப் படிக்கவில்லை, படத்தை மட்டும்தான் பார்த்தேன். கறுப்பாகத் தீட்டியிருப்பது மண்ணிலிருந்து கிடைத்த எலும்பு, வெறும் கோடாக இருப்பது ஊகம் என்று கீழே எழுதியிருந்தாய், அதையும் படித்தேன். சரி, கடிதத்தையும் படித்தேன். இந்த வருடம் நம் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி. ஒட்டகம், யானை, புலி என்று ஊரே பொம்மை வாங்கி வைக்கும்போது, நம் வீட்டுக் குடிலில் மட்டும் என் மகள் ஆராய்ச்சி செய்கிற மிருகம் இருந்தால் என்ன என்று தோன்றியது. வெந்தயமும் பழைய பேப்பரும் ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி, மூங்கில் குச்சியில் அப்பி, எலும்பு எலும்பாகச் செய்ய ஆரம்பித்தேன். கிரைண்டரைக் கழுவாமல் வைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் வீட்டில் இட்லி இல்லை. அது தனிக் கதை.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். சான்றிதழ் இல்லாமல் ஒரு பிள்ளையின் பிறந்த தேதியை ரிஜிஸ்டரில் ஏற்றினதில்லை. அதனால் கிடைக்காத எலும்பைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. கறுப்பில் இருப்பதை மட்டும் செய்தேன். மண்டையின் பின்பாகம், முதுகெலும்பில் சில துண்டு, இடுப்பு, பின்னங்கால், வால். உன் அம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, பொறந்த பிள்ளைக்குப் பக்கத்துலயா கறி திங்கிறதக் கொண்டாந்து வக்கப் போறீக?" என்றாள். முகத்தின் முன்பக்கம் இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே வாய் கிடையாது என்று விளக்கினேன். "வாய் இல்லையா? அப்பச் சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.

இடுப்பெலும்பில் காலை எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை. உனக்கு போன் செய்து கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு பேகம்பூரில் நாம் வழக்கமாகக் கறி வாங்கும் முகமது பாரூக் பாய் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். என் மகளின் ஆராய்ச்சி இது என்றதும் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தார். "சார், இது ரெண்டு கால்ல நடந்த உருப்படி. இந்தக் குழியில தொடை உக்காரும், பாருங்க" என்று தொங்கிய ஆட்டைத் திருப்பிக் காட்டினார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்து, கை எங்கே, நெஞ்செலும்பு எங்கே, இது என்ன விலை என்றெல்லாம் கேட்டார்கள். கை கிடைக்கவில்லை என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? கடைசியில் பாய் சொன்னார்: "நாங்க முழு ஆட்டப் பாத்து எலும்பச் சொல்றோம். உங்க பிள்ள நாலு எலும்பப் பாத்து முழு ஆட்டச் சொல்லுதே, அதுக்குப் பெரிய கண்ணு வேணும் சார்." அரைக் கிலோ வாங்கப் போனவன் சந்தோஷத்தில் ஒன்றுமே வாங்காமல் வந்துவிட்டேன். அன்று பருப்புதான்.

எல்லாவற்றையும் கம்பியில் கட்டிக் குடிலுக்கு மேலே தொங்கவிட்டேன். மூன்றடி நீளம். சூசையப்பர் சுரூபமே ஒரு சாண்தான். கிறிஸ்துமஸ் கேரல் பாடவந்த பையன் பிராங்கிளின், "மாமா, பாதிய எலி தின்னுருச்சா?" என்று கேட்டான். புஷ்பமேரி டீச்சர் வந்து, "பாலன் பொறந்தப்ப இது எங்கய்யா இருந்துச்சு?" என்றார். அவர்கள் வீட்டுக் குடிலைச் சுற்றி பேட்டரி ரயில் ஓடுகிறது, அது மட்டும் பெத்லகேமில் ஓடியதா என்று கேட்டேன். டீச்சர் காபி குடிக்காமல் போய்விட்டார். போட்டிக்கு நடுவரே அவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு அதன் எதிரே செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு எலும்பு, இங்கே ஒரு எலும்பு, நடுவில் வெறும் இடம். இதைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தேடி என் பிள்ளை வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஐரின், நீ கிளம்பின அன்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்க, "எலும்பு பொறுக்கத்தான் உன்னப் படிக்க வச்சேனா" என்று கேட்டேன். நான் உனக்கென்று வாங்கி வைத்திருந்த டீச்சர் வேலை போய்விட்டதே என்ற கோபம். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் சொன்னது தப்பு அம்மா. அன்றைக்கே தெரியும். ஆபீசில் தப்பு வந்தால் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஆகவே என் சந்தேகம்: கைகளைச் செய்து மாட்டலாமா, கூடாதா? பதில் எழுது. அதற்காக நீ வரவேண்டியதில்லை. நாங்களும் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற ஆட்கள் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
சூ. சூசைமுத்து

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்கும் முன் உன் அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்புன்னு தெரிஞ்சா நேருல போயிச் சொல்லணும். நீங்க தபால்ல அனுப்புறீக" என்றாள். போட்டியில் பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். சென்னை போய் ரயில் மாறி நாங்களே அங்கே வருகிறோம். இருபத்துமூன்றாம் தேதி பரோடாவில் இறங்குவோம். வேலை இருந்தால் வேலையை முடித்துவிட்டே வா. எங்களுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது, உன் இடத்துக்கு வழியும் தெரியாது. நீ எத்தனை மணிக்கு வந்தாலும் இறங்கின இடத்திலேயே உட்கார்ந்திருப்போம்.