தண்ணீர் ஓடுகிற ஆறு

சிட்டு சாக்குக்குள் போக மறுத்தது. தலையை உள்ளே தள்ளினால் பின்கால்கள் வெளியே வந்தன. பின்கால்களைத் திணித்தால் தலை வந்தது. முத்துசெல்வத்தின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல்கள்.

"என் பழைய சேலையை உள்ள விரிங்க. அந்த வாடைக்குப் போவும்" என்றாள் அவன் மனைவி பொன்மணி. ஏழு மாத வயிறு. பூனையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சேலையை விரித்ததும் சிட்டு தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. பொன்மணி அடுப்படிக்குள் போனவள் திரும்பி வரவில்லை.

எல்லாம் வியாழக்கிழமை ஒரு புறாவால் வந்தது. வீட்டுக்காரர் காசிராஜன், கோவில்பட்டி மார்க்கெட்டில் பலசரக்கு மொத்த வியாபாரி. மாடியில் புறா வளர்ப்பவர். சிட்டு அதில் ஒன்றைத் தின்றுவிட்டது. அதைவிடப் பெரிய குற்றம், வீட்டுக்காரரின் சொந்த நாய் டைகர் பக்கத்தில் படுத்து வேடிக்கை பார்த்தது. பன்னிரண்டு வயது, பல் பாதி இல்லை.

"திருடுனதும் வேண்டாம், திருடும்போது வாலாட்டிக்கிட்டு இருந்ததும் வேண்டாம்" என்று தெருவே கேட்கும்படி கத்தினார் காசிராஜன். "ரெண்டையும் ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்டுட்டு வாரும். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணும்வே!"

"யாராவது ஆளை விட்டு அனுப்பலாமா அண்ணாச்சி?"

"ஆள் கீள் கிடையாது. நீருதான் போவணும். என் கடை வேனை எடுத்துக்கிடும். மந்திரமூர்த்தி ஓட்டுவான்."

தண்டனையிலும் இப்படி ஒரு தண்டனையா என்று முத்துசெல்வம் நினைத்தான். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் லித்தோ பிரஸ்ஸில் அவனுக்குப் பிழை பார்க்கும் வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான். சரிபார்த்த பிறகும் சந்தேகம் இருக்கும். ஆனால் ஆடியில் பிரசவம் வைத்துக்கொண்டு இனி ஒரு வீடு தேட முடியாது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரர் மனைவி பெருமாயி டைகரைத் தூக்கி வேனில் ஏற்றினாள். கூடவே ஒரு பெரிய தூக்குச்சட்டியில் தயிர்சாதம்.

"இவ்வளவு எதுக்குக்கா?"

"வெயில்ல போறீய. இருக்கட்டும்" என்றாள்.

பூனை ஓடுகிற தண்ணீரைத் தாண்டிவிட்டால் வீட்டுக்கு வழி தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. சிக்கல் என்னவென்றால், கோவில்பட்டியைச் சுற்றி மே மாதத்தில் ஓடுவது லாரிகள் மட்டும்தான்.

"சாத்தூர்தான் பக்கம். வைப்பாறு இருக்கு" என்று மந்திரமூர்த்தி வடக்கே வண்டியை விட்டான்.

சாத்தூர்ப் பாலத்தில் இறங்கிப் பார்த்தார்கள். ஆற்றின் நடுவில் ஒருவர் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி ஓடுற இடம் எங்கனயாவது இருக்கா?" என்று முத்துசெல்வம் மேலிருந்து கத்தினான்.

"இருக்கே! இங்கனதான். ஐப்பசியில வாங்க."

மந்திரமூர்த்தி தலையைச் சொறிந்தான். "மணல்ல விட்டா நமக்கு முந்தி வீட்டுக்குப் போயி உக்காந்திருக்கும் அண்ணாச்சி. தெக்க போவோம்."

தெற்கே போக வேண்டுமானால் வந்த வழியே கோவில்பட்டியைக் கடக்க வேண்டும். அங்கேதான் முதல் தவறு நடந்தது. சொந்த ஊர்க் காற்று பட்டதும் டைகர் பின்கதவைப் பிறாண்டி ஊளையிட்டது. சந்தையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதை அடக்க, முத்துசெல்வம் நாயை முன்னால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறை முன்சீட்டில் உட்கார்ந்த டைகர், இரண்டு பக்கமும் ஓடும் கரிசல் காட்டைக் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்தது. அப்புறம் அவன் சட்டையிலேயே வாந்தி எடுத்தது.

கயத்தாறில் பூவனலிங்கம் என்பவரின் டீக்கடையில் நிறுத்தி, சட்டையை அலசி, பனியனோடு நின்றான். நாய்க்குத் தண்ணீர் வைத்தான். சாக்கின் வாயைத் திறந்து தொட்டில் பிள்ளைக்கு வீசுவதுபோல் பூனைக்கு விசிறிவிட்டான். பூவனலிங்கம் பால் ஆற்றியபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கூட்டிட்டுப் போறீய?"

"ஆத்துக்கு அக்கரையில விட."

"நீங்களா? விடப் போறீயளா?" என்று அவர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சிவப்புக் கோழியோடு வந்தார். "அப்படின்னா இதையும் கொண்டு போங்க. பெட்டை. ஆனா சேவல் மாதிரி கூவுது. வீட்டுக்கு ஆவாதுன்னு அடிச்சுக் குழம்பு வைக்கணும்னு நிக்காவ வீட்ல. எனக்கு மனசு வரலை."

முத்துசெல்வம் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கோழி அவன் கையில் இருந்தது.

நாயோடு பின்னால் போட்டால் கோழி பறந்தது. சாக்குப் பக்கத்தில் வைத்தால் சாக்கு சீறியது. எனவே நாய் மடியில், கோழி கக்கத்தில் என்று உட்கார்ந்தான். பூனைக்கு மூச்சு முட்டுமோ என்ற சந்தேகத்தில் சாவியால் சாக்கில் ஒரு சின்ன ஓட்டை போட்டான். சின்ன ஓட்டைதான். இரண்டு மைல் போவதற்குள் சிட்டு அது வழியாக வெளியே வந்து, டிரைவர் காலடியில் பிரேக்குக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, நான் இப்ப பிரேக் அடிக்கவா, வேண்டாமா?" என்று மந்திரமூர்த்தி காலை அந்தரத்தில் வைத்தபடி கேட்டான்.

"அடிக்காதீய! பூனை நசுங்கிரும்!"

"அடிக்கலேன்னா நாம நசுங்கிருவோம், முன்னால லாரி!"

கியரைக் குறைத்துக் குறைத்து, புளியமரத்தடி மண்ணில் வண்டியை ஓடி நிற்கவைத்தான். சிட்டுவை இழுத்து எடுத்ததும் அது முத்துசெல்வத்தின் கழுத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. இனி எடுத்தால் கீறும். அப்படியே இருக்கட்டும் என்று கிளம்பினார்கள். முந்திப்போன பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு சர்க்கஸ் எந்த ஊர்லவே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கங்கைகொண்டான் பக்கம் சிற்றாறு. பாலத்துக்குக் கீழே ஒரு குட்டை, அதில் நான்கு எருமைகள்.

"நல்லா உத்துப் பார்த்தா ஓடுற மாதிரிதான் இருக்கு" என்றான் மந்திரமூர்த்தி ஆசையாக.

முத்துசெல்வத்துக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் சரிபார்க்க வேண்டாமா? ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் குனிந்து நின்றான். கழுத்தில் பூனையும் சேர்ந்து குனிந்தது.

"நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சு. எருமை திரும்புனப்ப."

மதியம் இரண்டு மணிக்குத் திருநெல்வேலிப் பாலத்தைத் தாண்டி, வண்ணார்பேட்டைக் கரையில் இறங்கினார்கள். தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. மெலிந்துதான் ஓடியது. ஆனால் சந்தேகமில்லாமல் ஓடியது. இந்த முறை இலை போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்பது அவனுக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.

மருதமர நிழலில் தயிர்சாதத்தைப் பிரித்தார்கள். ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். டைகர் ஆற்றில் இறங்கி வயிறு நனையப் படுத்துக்கொண்டது. இவ்வளவு தண்ணீரை அது ஆயுசில் பார்த்ததில்லை. கோழி மணலைக் கிளறியது. சிட்டு தண்ணீரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறியது.

"கிளம்பலாமா? ஏறுங்க, நான் எடுத்துருதேன்" என்றான் மந்திரமூர்த்தி மெதுவாக.

முத்துசெல்வம் சாக்கை நன்றாக விரித்து மணலில் போட்டான். பூனையைத் தூக்கி வந்து ஆற்றைப் பார்த்து உட்காரவைத்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டு நடந்தான். பத்தாவது அடியில் திரும்பிப் பார்த்தான்.

அவை எதுவும் அவன் பின்னால் ஓடி வரவில்லை. ஓடி வந்திருந்தால் விரட்டியிருப்பான். டைகர் தண்ணீரிலிருந்து எழுந்து, அவன் எங்கேயோ ஒதுங்கப் போகிறான் என்று நினைத்து, வாலை மட்டும் ஆட்டியது. சிட்டு விரித்துக் கிடந்த சாக்கைச் சுற்றி வந்து, ஓட்டையை மோந்து பார்த்தது. பிறகு தானாகவே உள்ளே போய், பொன்மணியின் சேலைமேல் சுருண்டு, வீட்டுக்குப் போகத் தயாராகிக் கண்ணை மூடிக்கொண்டது.

காலையில் அவன் கையையெல்லாம் கிழித்த அதே பூனை.

முத்துசெல்வம் வேனின் கம்பியைப் பிடித்தான், ஏறவில்லை. மந்திரமூர்த்தி வண்டியை அணைத்தான். இறங்கிப் போய் டைகரைத் துவட்டித் தூக்கி வந்தான்.

"கோழியை?" என்றான்.

"அதை மட்டும் விட்டுட்டுப் போனா அது என்ன நினைக்கும்?"

வழியெல்லாம் முத்துசெல்வம் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டே வந்தான். ஆற்றில் வெள்ளம் என்று சொல்லலாமா? மே மாதத்தில் யார் நம்புவார்கள்? விட்டோம், ஆனால் அவை நமக்கு முந்தி வந்துவிட்டன என்றால்? கோழிக்கு என்ன காரணம் சொல்வது? கயத்தாறில் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் டீக்கடை பூட்டியிருந்தது. போதாததற்கு கடம்பூர் விலக்குத் தாண்டும்போது கோழி அவன் மடியிலேயே ஒரு முட்டை இட்டது. சூடான முட்டையைக் கையில் வைத்தபடி, பொன்மணியையும் வயிற்றுப் பிள்ளையையும் எந்தத் தெருவில் கொண்டு குடிவைப்பது என்று யோசித்தான். பொய் சொல்லத் தனக்கு வராது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுக் காலி செய்துவிடுவோம்.

வெயில் தாழும் நேரத்தில் வேன் தெருவுக்குள் வந்தது. காசிராஜன் வாசல் கேட்டில் நின்றிருந்தார். பக்கத்தில் பெருமாயி. அவர்களுக்குப் பின்னால், சமையல் கையைத் துடைக்கக்கூட மறந்து, பொன்மணி.

பனியனும் கீறலுமாக, கழுத்தில் பூனையோடு முத்துசெல்வம் இறங்கினான். டைகர் குதித்து ஓடி வீட்டுக்காரர் வேட்டியெல்லாம் ஆற்று மணலாக்கியது.

"ஆறு தாண்டியாச்சா?" என்றார் காசிராஜன்.

"தாண்டியாச்சு அண்ணாச்சி."

"அந்தக் கோழி நம்ம வீட்டுது இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் தொண்டையைச் செருமினார். நாயைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். எங்கோ மாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

முத்துசெல்வத்துக்குக் கண் கலங்கியது. "அக்கா, என்னால முடியலை. சத்தியமா முயற்சி பண்ணுனேன். பத்து அடி நடந்தேன். மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுதோம்னு அண்ணாச்சிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

பெருமாயி அவன் கையிலிருந்த கோழியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "அட போங்க தம்பி. கோவத்துல தெருவே கேக்கக் கத்திட்டாவ, இறங்கி வரத் தெரியலை. கொண்டு விட்டுட்டு வாரதுக்குன்னா கடையில நாலு ஆளு இருக்கு. 'முத்துசெல்வத்தையே அனுப்பு, அவனுக்குத்தான் விட்டுட்டு வர மனசு வராது'ன்னு எங்கிட்ட சொன்னதே இவியதான்."