ஹெல்பருக்குப் பெண் கிடைத்த கதை

ஒரு வேலையை இரண்டாவது முறை செய்வதை அவர் அளவுக்கு மனமார வெறுத்த மனிதர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவருக்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரவில்லை. சொன்ன ஜோக்கைத் திரும்பச் சொல்லமாட்டார். காலையில் ஒருவருக்கு வணக்கம் வைத்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. மத்தியானம் அதே ஆள் மாடிப்படியில் எதிரே வந்தால், "அதான் காலீலயே வெச்சாச்சே" என்று இறங்கிப் போய்விடுவார்.

வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள் பதினோரு பேர். லேத் ஓட ஆரம்பித்தால் என் மேஜையில் தண்ணீர் பாட்டில் தானாக நகரும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள். மூன்று பக்கங்களில் தேதியை அழகாகக் காட்டுவதற்காக, அதே பத்து வரி புரோகிராமை மூன்று இடத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு நாற்காலி உருண்டு வந்தது. அதில் அவர்.

"இன்னா மேடம், ஒரே கதைய மூணு எடத்துல எய்திக்கினு கீறீங்க?"

"மூணு பக்கத்துலயும் தேதி வரணுமே."

"ஒரு தபா எய்துங்க. அதுக்கு ஒரு பேர் வெய்ங்க. அப்பால பேரைச் சொல்லிக் கூப்டுங்க, அது வந்து செஞ்சு குடுத்துட்டுப் போவும். ஹெல்பர் ஃபங்ஷன்."

காலேஜில் நானும் படித்ததுதான். ஆனால் அங்கே யாரும் அதைப் பக்கத்து வீட்டு ஆளைப் போல அறிமுகம் செய்து வைக்கவில்லை.

வெப்சைட் கட்ட நாங்கள் வைத்திருந்த ஃப்ரேம்வொர்க் என்ற ரெடிமேட் சட்டகமே ஏகப்பட்ட ஹெல்பர்களோடுதான் வரும். அவருக்கு அது போதவில்லை. தனியாக ஒரு ஃபைல் வைத்து அதில் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். தேதிக்கு ‘இன்னா_தேதி’. தாறுமாறாக டைப் செய்த பெயர்களைச் சீராக்க ‘பேரு_அயகா’. நீளமான பத்தியைப் பாதியில் வெட்ட ‘போதும்_நிறுத்து’. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், அம்பத்தூர் பாஷையில். முதலாளி கெஞ்சிப் பார்த்தார்.

"நாளைக்கு வேற யாராவது வந்து பார்த்தா புரியணும்லப்பா?"

"புரீலன்னா என்னை வந்து கேக்கட்டும் சார். எங்க போவப் போறேன்?"

அன்றிலிருந்து அவர் பெயர் ஹெல்பர் ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்ததாகச் சொல்வார்கள்.

அவருடைய பெருமைக்குரிய படைப்பு ‘இல்லாங்காட்டி’. ஒரு விவரத்தைக் காலியாக விட்டுவிட்டால் பக்கமே உடைந்து நிற்கும். இந்த ஹெல்பர் அந்த இடத்தில், "கேட்டுச் சொல்றோம்" என்று போட்டுச் சமாளித்துவிடும். நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்தோம். அந்த மாதம் நடக்கும் திருமணங்களெல்லாம் முகப்பில் வரும். மண்டபத்து ஆள் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் பெயர், படிப்பு எல்லாம் நிரப்பிவிட்டுப் பெண்ணின் பெயரை மறந்துவிட்டார். இரண்டு நாள் முழுக்க முகப்பில், "மணமகள்: கேட்டுச் சொல்றோம்" என்று நின்றது. பெண்ணின் தாய்மாமன் போன் செய்து எங்கள் முதலாளியை மரியாதை இல்லாமல் பேசினார்.

ஹெல்பர் அசரவில்லை. "பொண்ணு பேரை உட்டது அவங்க தப்பு. பக்கம் ஒடயாம நின்னுச்சா இல்லியா, அத்த சொல்லுங்க."

டீ வாங்குவதிலும் அதே முறைதான். கீழே கடை மாஸ்டரிடம் ஒரே ஒரு முறை உட்கார்ந்து விளக்கிவிட்டார். "மேல" என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு கிளாஸ் வரவேண்டும். அதில் இரண்டு சர்க்கரை இல்லாத டீ, ஒன்று இஞ்சி டீ, முதலாளிக்கு மட்டும் காபி. ஆறு மாதம் அருமையாக நடந்தது. பிறகு ஒரு நாள் பட்டறைக்காரர் ஒருவர் கடையில் நின்று, "மேல மழை வரும்போல கீதே" என்றார். பதினோரு பேருக்கும் இரண்டாவது ரவுண்டு வந்து சேர்ந்தது.

அந்த டீக்கடையில்தான் வினையும் வந்தது. அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குடும்பம். பெண்ணின் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவரே நேரில் வந்து, டீக்கடையில் கேட்டிருக்கிறார். மாஸ்டர் உற்சாகமாக, "நம்ம ஹெல்பரா? தங்கமான ஆளு சார்" என்றிருக்கிறார். வந்தவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் ஹெல்பரின் அம்மா மாடியேறி வந்தார். மூச்சு வாங்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, எம்புள்ளைக்கு நாங்க வெச்ச பேரு ஒண்ணு கீது. அத்த சொல்லிக் கூப்ட்டா இன்னா? இப்ப பாரு, ஹெல்பருக்குப் பொண்ணு இல்லன்ட்டாங்க."

ஹெல்பர் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஃபோர்மேனிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ஆபீஸில் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது முதலாளியின் கருத்து. போன் போட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர்.

"ஏம்மா, எங்க ஷாப்புல ஹெல்பர்னா ஸ்பேனர் எடுத்துக் குடுக்கவன். நான் இருவது பேரை மேய்ச்சவன், எனக்குத் தெரியாதா?"

"இது அந்த ஹெல்பர் இல்ல சார். நாங்க பத்துப் பேரும் தினம் தினம் செய்யற வேலையை இவர் ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு வெச்சிடுவார். அதுக்கப்புறம் நாங்க பேரைச் சொன்னாப் போதும்."

"அப்ப அவரு ஹெல்பர் இல்ல. ஹெல்பரை உண்டாக்குதவரு."

"ஆமா சார்."

"ஆளு எப்படி?"

சொன்னேன். யாரையும் குறை சொல்லமாட்டார் என்றேன். லஞ்ச் கொண்டுவராதவர்கள் யார் என்று கேட்காமலே கண்டுபிடிப்பார் என்றேன். மழையில் அம்பத்தூர் ஸ்டேஷன் வரை எனக்காகக் குடையோடு நடந்துவிட்டு, அதை என்னிடமே கொடுத்துத் தான் நனைந்து திரும்பியதைச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல சார்."

"சரிம்மா," என்றார் மெதுவாக. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க வாரோம்."

போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கேட்டவர்களிடம் லேத் தூசி என்று சொன்னேன்.

கல்யாணத்துக்கு எல்லோரும் ஆவடிக்குப் போய்ச் சாப்பிட்டோம். பெண்ணுக்குத் திருச்சியில் வேலை. நாலு மாதத்தில் அவரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். தன் ஃபைலை என்னிடம் ஒப்படைத்தபோது, "பாத்துக்கோங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். இப்போது எப்போதாவது பொங்கலுக்கு வாழ்த்து வரும். நானும் அனுப்புவேன்.

போன மாதம் கம்பெனி புது ஃப்ரேம்வொர்க்குக்கு மாறியது. பழைய ஹெல்பர் ஃபைலை அழிக்கும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, சிரித்து, அழித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ‘இதுலேர்ந்து_அதுவரைக்கும்’ என்று ஒன்று இருந்தது. ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் கொடுத்தால், இடைப்பட்ட நாட்களின் பதிவுகளை எடுத்துத் தரும். ஆயிரம் தடவை அதைக் கூப்பிட்டிருப்பேன். திறந்து பார்த்ததில்லை.

உள்ளே முதல் வேலையாக, எந்தத் தேதி முந்தியது என்று அது பார்த்தது. மாறி வந்திருந்தால் சத்தமில்லாமல் இடம் மாற்றிக்கொண்டது. அதற்கு மேலே அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

"மேடம் முடிவுத் தேதிய மொதல்ல குடுப்பாங்க. கேக்காத. மாத்திப் போட்டுக்கோ."

என் பழைய வேலைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த இந்த நாலு வருஷமும் எல்லா இடத்திலும் தலைகீழாகத்தான் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்து, "அந்த ஃபைல் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு மட்டும் இருக்கட்டும் சார்," என்றேன். "நான் இன்னும் அதைக் கூப்பிடறேன்."