கருவேங்கையின் நாற்பதாம் நிலை

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பதாம் நிலையை எட்டியே தீருவது என்று சபதம் எடுத்தேன். எட்ட வேண்டியது நான் இல்லை; என் கருவேங்கை. நான் தேயிலை உலர்த்தும் டிரையர்காரனாக வேலைக்குச் சேர்ந்தேன், டிரையர்காரனாகவே நரைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருவேங்கை என் செல்போனில் வசிப்பவன். விளையாட்டில் நான் வளர்க்கும் வீரன். சதுப்பு நிலத்தில் சேற்றுப்பன்றி வரும், வெட்டுவான். செத்த பன்றி சற்று நேரத்தில் அதே இடத்தில் எழுந்து நிற்கும், மறுபடி வெட்டுவான். போதுமான அளவு வெட்டினால் 'டிங்' என்று ஒரு மணி. ஒரு நிலை ஏறிவிட்டான் என்று பொருள். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்கள், வாழ்க்கையில் யாராலாவது மணியடித்துப் பாராட்டப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அரவேணு பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எனக்கு எப்போதும் நைட் ஷிப்ட். நேற்று உலர்த்தி அனுப்பிய இலை இன்று பச்சையாக வந்து நிற்கும். மறுபடி உலர்த்துவேன். மணி அடிக்காது. விடிந்தால் சங்கு ஊதும். அது எல்லோருக்கும் பொதுவான சங்கு.

எங்கள் படையில் ஐந்து பேர். தலைவன் சுஜித், கூடலூரில் ஜீப் ஓட்டுகிறவன். ஞாயிறன்று பனிக்கோட்டை முற்றுகை. நாற்பதாம் நிலை இல்லாதவனுக்குக் கதவு திறக்காது.

"சேட்டா, அதுக்குள்ள வரலைன்னா வேற ஆளை எடுக்கணும். விஷமிக்கண்டா" என்றான்.

எப்படி வருத்தப்படாமல் இருப்பது? நான் 'வலது பக்கம்' என்றால் நாலு பேர் வலது பக்கம் திரும்புகிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். வீட்டில் நான் வலது என்றால் நாய்கூட இடது பக்கம் போகும்.

அந்த வாரம் பார்த்து வேலாமணிக்குக் கால் சுளுக்கியது. வேலாமணி என் மனைவி. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். மழைச் சரிவில் வழுக்கிவிட்டாள். லீவு போட்டு, காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அடுப்படி என்னிடம் வந்தது. முதல் நாள் ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டு சுமலதா எட்டிப் பார்த்து, "ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறீங்களாண்ணா?" என்றாள். அதோடு நான் பேக்கரிக்கு மாறிவிட்டேன்.

"ஏனுங்க, இன்னைக்கும் பன்னுதானா?"

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்கறேன் புள்ள. கண்ணு சொருகுது."

"செல்லைப் பாக்கறப்ப நல்லாத் தொறந்திருக்குதுங்களே."

"இது வேற. இதுல நான் வளர்றேன்."

"எங்கீங்க, வயித்துலயா?"

"கிண்டல் பண்ணாத. ஒரே காரியத்தச் சலிக்காமத் திருப்பித் திருப்பிச் செஞ்சா, தெறமை தன்னால வந்துரும். அதுதான் இதுல இருக்கற தத்துவம்."

"அப்ப ரசமும் அப்படித்தானுங்க?"

"அது கைமணம் புள்ள. பொறப்புலயே வரோணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது அவள் விரல்களை. செடிக்கு வலிக்காமல் கொழுந்தைக் கிள்ளுகிற விரல்கள் சும்மா மடியில் கிடந்தன. மூளையில் மின்னலடித்தது. நான் தூங்குகிற நேரத்தில் இவள் பன்றியை வெட்டினால்?

"மணி, உனக்கும் பொழுது போகோணுமல்ல? இந்தா, இதப் பாரு."

"எனக்கெங்கீங்க இதெல்லாம் வரப்போகுது" என்றபடியே வாங்கிக்கொண்டாள்.

கணவனுக்கு மனைவி உழைக்க, நான் போர்வைக்குள் போனேன். ராஜதந்திரம் என்றால் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரைத் தூக்கத்தில் 'டிங்' கேட்டது.

"ஏனுங்க, ஒவ்வொரு மணிக்கும் புள்ளி குடுக்குது. வாளு, வில்லு, சட்டி, என்னென்னமோ படம் போட்டிருக்குது. எதுல போடறது?"

"எது இல்லாமக் கஷ்டப்படறமோ அதுல போடு புள்ள."

"போட்டா அப்பறம் மாத்த முடியுமுங்களா?"

"முடியாது."

"நல்லதுங்க" என்றாள்.

வாரம் முழுக்க என் தூக்கத்தில் மணியோசை. ஒரு காலையில் மட்டும் சத்தம் நின்றது. கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"இத்தனை வருசமாக் கொழுந்து பறிக்கறேன். பறிச்ச செடி மறுபடி துளுக்குது, மறுபடி பறிக்கறேன். எனக்கு ஒருக்காக்கூட மணி அடிக்கலையேங்க. அடிச்சிருந்தா இந்நேரம் நான் எத்தனாவது நிலை?"

எனக்குக் கேட்காத மணியைப் பற்றியே இத்தனை காலம் வருந்திக்கொண்டிருந்தவனுக்கு, அதே வீட்டில் இன்னொருத்திக்கும் கேட்கவில்லை என்பது தோன்றவே இல்லை. தூங்குவதுபோல் நடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பன்றி அலறியது.

ஞாயிறு வந்தது. நாற்பதாம் நிலை! கோட்டைக் கதவு திறந்தது. நெஞ்சை நிமிர்த்தி வாளை உருவினேன். கருவேங்கையின் கையில் வந்தது கரண்டி.

பதறிப் போய்ப் புள்ளிகளைப் பார்த்தேன். வாள், நான் விட்ட இடத்தில் இருந்தது. வில்லும் அப்படியே. சமையல், உச்சம். விறகு பொறுக்குதலும் மூட்டை தூக்குதலும் அதற்கு அடுத்தபடி. இதோடு நம் கதை முடிந்தது என்று காதை மூடப் போனேன். அதற்குள் செல்லுக்குள்ளிருந்து சுஜித் கத்தினான்.

"சேட்டா! சமையல் முழுசா? எல்லாரும் வாளோட வந்தா யாரு கஞ்சி வெக்கும்? போன சண்டையில நாம பட்டினியில அல்லே தோத்தது!"

என்னைக் கதவோரம் உட்கார வைத்தார்கள். கோட்டை விழுந்தது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாக்டரியில் பார்க்கிற அதே வேலை.

செல்லை வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏம் புள்ள இப்படிப் பண்ணிப்போட்ட?"

"எது இல்லாமக் கஷ்டப்படறமோ அதுலன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இந்த ஊட்டுல வாளில்லைன்னு யாருங்க அழுதா?"

"அதுக்காக..."

"அவனுக்கும் பொறப்புலயே கைமணமில்லீங்க. திருப்பித் திருப்பிச் செஞ்சான், வந்துருச்சு. உங்க தத்துவம்தான்."

எழுந்து போய், அடுப்படியிலிருந்து கரண்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அவள் நடந்து போனதும் வந்ததும் அப்புறம்தான் உறைத்தது.

"காலு?"

"அது புதங்கிழமையே சரியாப் போச்சுங்களே."

அன்றிலிருந்து தினமும் காலையில் ரசம் வைக்கிறேன். கொட்டுகிறேன், மறுபடி வைக்கிறேன். சேற்றுப்பன்றிபோல் அதுவும் மறுநாள் எழுந்து நிற்கும். நேற்று வேலாமணி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

டிங்.

எனக்கென்றே அடித்த முதல் மணி. தாளித்த புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒரு நிலை ஏறியாச்சுங்க" என்றாள் வேலாமணி. "நாளையிலிருந்து பாத்திரமும் நீங்கதான்."