மூச்சு விடக் கூடாத காசு

மனிதரில் கஞ்சன் உண்டு, ஊதாரி உண்டு; இருவரையும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. காசைச் செலவழிக்கவும் மாட்டார், சேமிக்கவும் மாட்டார், காட்டுவார். அபூர்வக் காசு சேர்ப்பவர் என்று அவருக்குப் பெயர். காட்டுவார் என்றதும் நம் கையில் தருவார் என்று எண்ணிவிடாதீர்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வேதமுத்து இந்த இனத்தின் தலைமகன். அவரிடம் இருந்தது அமெரிக்க தேசத்துச் சல்லிக்காசு ஒன்று. சென்ட் என்பார்கள், தலையில் இறகு செருகிய முகம் பொறித்தது. 1863ஆம் வருஷம் அந்த ஊரில் புழங்கிய சென்ட்டெல்லாம் வெளிறிய நிறமாம். செம்பு நிறத்தில் அடித்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, அச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றி மாதிரிக்கு அடித்த சிலவற்றில் இது ஒன்றாம். காயல்பட்டினத்து வியாபாரி அகமது மீரான் கொழும்பில் ஒரு கப்பற்காரனிடம் வாங்கி வந்ததை, மனைவி ஜெபராணியின் கம்மலைக் கொடுத்து வாத்தியார் வாங்கினார். ஒரு சல்லிக்குக் கம்மலா என்று கேட்பீர்கள். ஜெபராணியும் அதைத்தான் கேட்டாள்.

யார் வீட்டுக்கு வந்தாலும், துக்கம் விசாரிக்க வந்தவராகவே இருந்தாலும், வாத்தியார் சன்னலைச் சாத்துவார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார், பெட்டியிலிருந்து பட்டுத்துணி முடிச்சை எடுப்பார், மனித மூச்சுப் பட்டால் மெருகு கறுத்துவிடும் என்று எச்சரிப்பார், வந்தவர் கன்னம் உப்பி விழி பிதுங்கி நிற்கையில் பட்டை ஒரு கணம் விலக்கி உடனே மூடுவார். பார்த்தது என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் மூச்சு திரும்பிய சந்தோஷத்தில் எல்லாரும் "அற்புதம்" என்றார்கள்.

"கோயில்ல ஜெபம் பண்ணும்போதுகூட இம்புட்டு அடக்கமா நிக்க மாட்டாவ," என்பாள் ஜெபராணி.

வாத்தியாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சபைக் கமிட்டியில் அஞ்ஞான வழக்கங்களை வேரறுக்கும் பொறுப்பு அவருடையது. தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கிறவர்கள் ஆற்றுக்கு ஒரு செப்புக்காசு போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். "ஞானஸ்நானம் வாங்கினவன் ஆத்துக்குக் காசு போட்டா, அவனுக்குக் கோயில்ல இராப்போஜன அப்பம் கிடையாது," என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினவர் அவரே. ஆனால் சிறுவயதில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் அம்மா ஒரு காசைக் கொடுத்து, "போடு ராசா" என்று பழக்கிய கை அது. தீர்மானம் வாய்க்குத் தெரியும், கைக்குத் தெரியுமா? பாலத்தின் நடுவில் வண்டி வந்ததும் கை ஒரு தம்பிடிச் செப்புக்காசை எடுக்கும். சபையார் யாராவது வருகிறார்களா என்று கண் பின்னால் பார்க்கும். கை தன் வேலையை முடித்துவிடும்.

இப்படி இருக்கையில், அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் மதுரையிலிருந்து ரயிலில் வருகிறார், காசைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று செய்தி வந்தது. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தேசத்தாரே பார்த்து "ஆமாம்" என்றுவிட்டால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? கம்மல் போனதும் நியாயமாகிவிடுமே.

ரயிலடிக்குச் சுடலைமாடனின் குதிரைவண்டியில் புறப்பட்டார். இந்த இனத்தாருக்குக் காசு பையில் இருந்தால் போதாது, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பாலத்தின் நடுவிலும் பட்டை அவிழ்த்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சுடலைமாடன் தலைப்பாகையை எடுத்துவிட்டு, "தாயே" என்று ஒரு காசை ஆற்றில் போட்டான். வாத்தியார் கை சும்மா இருக்குமா? தம்பிடியை எடுத்தது. பின்னால் குடை பிடித்து வந்தவர் கமிட்டிக்காரர் தேவசிகாமணி போல இருந்தது. கண்ணைக் குடைமேல் வைத்துக்கொண்டே ஒரு கையால் போட்டார், மறு கையால் பட்டுத்துணியை முடிந்தார். குடைக்காரர் வேறு யாரோ.

ரயிலடியில் பாதிரியார் இறங்கினார். "கொஞ்சம் மூச்சப் பிடிச்சுக்கிடணும் ஐயா," என்றார் வாத்தியார். ஆறடி வெள்ளைக்காரர் மூச்சைப் பிடித்தார். முகம் பழமாய்ச் சிவந்தது. சுற்றி நின்ற கூட்டமும் எதற்கென்று தெரியாமல் பிடித்தது. பட்டு விலகியது. பாதிரியார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மூச்சை விட்டார்.

"இதில் இருப்பது உங்கள் ராஜாவின் சிரசு அல்லவா?" என்றார், வேதாகமத் தமிழில், மிகுந்த இரக்கத்தோடு.

பட்டில் இருந்தது தம்பிடி. அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டதாக வாத்தியார் எதையோ உளறி, பாதிரியாரை அனுப்பிவைத்தார்.

திரும்புகையில் சுடலைமாடன் பாலத்தில் வண்டியை நிறுத்தினான்.

"ஐயா போட்டது அப்பவே பளீர்னு மின்னிச்சு. ஏதோ பெரிய வேண்டுதலாக்கும்னு இருந்துட்டேன். அங்கனதான் கெடக்கும், இடுப்பளவு தண்ணி. முங்குத ஆளு ரெண்டு பேரக் கூட்டியாந்தா எடுத்துரலாம்."

"கூட்டிட்டு வாலே."

"எப்படி விழுந்துச்சுன்னு கேப்பானுவ. என்ன சொல்லட்டும்?"

வாத்தியார் ஆற்றைப் பார்த்தார். பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் பார்த்தார். காசா, கமிட்டியா? பாவம், அவருக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது.

"ஒண்ணும் சொல்லாண்டாம். பைய வண்டிய விடு."

வேறொருவராக இருந்தால் அதோடு காட்டுவதை விட்டிருப்பார். வேதமுத்து வாத்தியார் வீட்டில் இன்றும் சன்னல் சாத்தப்படுகிறது, விரல் துடைக்கப்படுகிறது, வந்தவர் கன்னம் உப்புகிறது, வெறும் பட்டு ஒரு கணம் விலகி மூடுகிறது. "முன்னைக்கு இப்பத்தான் அண்ணாச்சி நல்லா மின்னுது," என்று போனவாரம் தேவசிகாமணி சொன்னார். ஜெபராணி வெறுங்காதைத் தடவிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வருகிற பெட்டி ஒன்று இருக்குமே, அதை யாரும் இல்லாத சமயம் ஒருதரம் திறந்து பாருங்கள். மூச்சு விட்டுக்கொண்டே பார்க்கலாம்.