இரண்டு வருடப் படிப்பும் அப்பாவின் இடது முதுகும்

ஒரு காட்டில் செங்கோடன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. எந்தக் காடு என்று எனக்குத் தெரியாது. எனக்கு இதைச் சொன்ன ஹாஸ்டல் நண்பனுக்கும் தெரியாது. அவனே யாரோ சொல்லக் கேட்டவன். காட்டின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவன் சொன்னபடியே.

செங்கோடனின் வம்சத்தில் எல்லாருமே கிழங்கு தோண்டியவர்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர்கள்கூட, வேலிக்கடியில் கிழங்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனார்கள். செங்கோடன் மட்டும், "ஆலை இயந்திரப் பராமரிப்பு படிக்கிறேன், ரெண்டே வருஷம்" என்றது.

அந்தக் காட்டில் கல்லூரிக் கட்டணத்தை முள்ளாகத்தான் வாங்குவார்கள். அப்பா முள்ளம்பன்றி தன் முதுகின் இடது பாதியைப் பிடுங்கிக் கட்டியது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் திரும்பி உட்கார்ந்து காட்டும். "இந்த மொட்டை என்னன்னு தெரியுதுங்களா? பையனோட படிப்புங்க."

பக்கத்து வளைக் கீரி படிக்கவில்லை. நேராகச் சாப்பாடு டெலிவரிக்குப் போனது. செங்கோடன் படித்து முடிப்பதற்குள் ஒரு செல்போனும் ஒரு பைக்கும் வாங்கிவிட்டது. "என்ன மாப்ளே, நட்டு முடுக்கக் கத்துக்கிட்டியா? இல்ல, அதுக்கு மூணாம் வருஷம் போகணுமா?"

செங்கோடன் கணக்குப் போட்டுப் பார்த்தது. அப்பாவின் முதுகு ஒரு பக்கம், கீரியின் பைக் ஒரு பக்கம். எப்படிக் கூட்டினாலும் பைக்தான் ஜெயித்தது.

ஒருவழியாகக் கரடியின் தேன் ஆலையில் வேலை கிடைத்தது. செங்கோடன் தினமும் எண்ணெய் விட்டது, தூசி தட்டியது, பெல்ட்டை இழுத்துக் கட்டியது. அதனால் பாட்டிலில் தேன் நிரப்பும் இயந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. கரடி முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏந்தம்பி, மூணு மாசமா ஒண்ணுமே ரிப்பேர் ஆகலை. அப்புறம் உனக்கு எதுக்குச் சம்பளம்? ஆயுத பூசை முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன்."

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா தன் வலது பாதியைத் தடவிக்கொண்டது. தங்கச்சி பாவாயியும் அதே படிப்புக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. "உன் வேலை நிலைச்சா இந்தப் பக்கத்தையும் பிடுங்கறேன். இல்லேன்னா பாவாயி கிழங்கு தோண்டட்டும்."

பாவாயி அண்ணனைத் தனியே இழுத்துப் போனது. "அண்ணா, எதையாவது ஒடைச்சுட்டு நீயே ரிப்பேர் பண்ணேன்."

"சேச்சே. பாடத்துலயே அப்படி இல்ல."

ஆயுத பூசை வந்தது. கரடி முதலாளி குளித்து, வேட்டி கட்டி, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தது. மோட்டாருக்கு, தராசுக்கு, துடைப்பத்துக்கு, பொரி வாங்க வந்த கீரியின் பைக்குக்கு. பெல்ட் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருந்தது. எதிரே பாட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. பாட்டில் இருக்கிறது என்று அது சொன்னால்தான் பெல்ட் நகரும். பொட்டு வைக்கவே செய்த இடம் போலிருந்ததால், கரடி அங்கே மட்டும் தாராளமாக அப்பியது.

பூசை முடிந்து சுவிட்சைப் போட்டால், இயந்திரம் அசையவில்லை. வாசலில் யானைக் கல்யாண வீட்டார் தேனுக்குக் காத்திருந்தார்கள். கரடி இன்னொரு பூசணிக்காய் உடைத்தது. பிறகு இயந்திரத்தைத் திட்டியது. பிறகு செங்கோடனைத் திட்டியது.

செங்கோடன் கண்ணைப் பார்த்தது. பொட்டைப் பார்த்தது. முள்ளில் மாட்டியிருந்த துண்டை எடுத்தது.

அப்போதுதான் அதற்கு வேர்த்தது. துடைக்க ஒரு நொடி போதும். பொட்டு அழிக்கவா ரெண்டு வருஷம் படிச்சே என்று கீரி கேட்கும். அதுவும் முதலாளி தன் கையால் வைத்த பொட்டு! பாவாயி நாளைக்கே கிழங்கு தோண்டப் போகவேண்டியதுதான்.

செங்கோடன் துண்டைத் திரும்ப மாட்டிக்கொண்டது. "மெயினை இறக்குங்க. ஒரு டார்ச், நாலு ஸ்பேனர், கீழ விரிக்க ஒரு அட்டை. ஒரு டீ, சர்க்கரை கம்மியா."

அடியில் நுழைந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டிப் பொட்டைத் துடைத்தது. பிறகு டீயைக் குடித்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது.

"என்னப்பா கோளாறு?" என்றது கரடி.

"பார்வைக் கோளாறுங்க முதலாளி." செங்கோடனுக்குப் பொய் வராது.

"ரொம்ப மோசமா?"

"ஒண்ணுமே தெரியலைங்க அதுக்கு."

கரடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. செங்கோடன் அவ்வப்போது ஸ்பேனரால் தட்டியது. தட்டும்போதெல்லாம் யானைகள் "ஆ" என்றன. ஒரு முறை தவறித் தன் முட்டியிலேயே தட்டிக்கொண்டு "ஐயோ" என்றது. மணப்பெண்ணின் அத்தை அழுதே விட்டது.

மத்தியானம் முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தது. சுவிட்சைப் போட்டார்கள். பெல்ட் ஓடியது. யானைகள் பிளிறின. கரடி பூசை மாலையைக் கழற்றிச் செங்கோடன் மேல் போட, பூவெல்லாம் முள்ளில் குத்தி நின்றது. "நீ இனிமே பர்மனென்ட்!"

கீரி மெல்ல அருகில் வந்தது. "மாப்ளே, இதெல்லாம் அங்க சொல்லித் தர்றாங்களா?"

"முதல் வருஷம் துடைக்கறது. ரெண்டாம் வருஷம் அடியில படுத்திருக்கறது."

"அட்மிஷன் எப்போடா?" என்றது கீரி.

அன்றே அப்பா வலது பாதியைப் பிடுங்கியது, முள்ளுக்கு முள் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு. பாவாயி படிக்கப் போனது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விலங்கியல் படிக்கும் தோழியிடம் கேட்டேன். பிடுங்கிய முள் சில மாதங்களில் மறுபடி முளைத்துவிடுமாம். அப்படியானால் அந்த இடது பாதி இரண்டு வருடம் மொட்டையாகவே இருந்தது தானாக இல்லை. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, முளைக்க முளைக்க அப்பாவே பிடுங்கியிருக்கிறது. செங்கோடனின் இரண்டாம் வருடப் பாடம் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

நீதி: துடைத்தால் கூலி கிடைக்கும், துடைத்துவிட்டு அடியில் படுத்திருந்தால் வேலையே கிடைக்கும்.