தோப்பூருக்குப் போன அலுமாரிப் படங்கள்

அன்பின் தம்பி ரிஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திருகோணமலை ஜமாலியாவிலிருந்து உன் ராத்தா பஹ்மியா எழுதிக்கொள்வது. கத்தார் வெயிலில் நீ உடல்நலத்தோடும், நேரத்துக்குச் சாப்பிடுகிற புத்தியோடும் இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். இங்கே நானும் மகள் நப்லாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உன் மச்சானைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வட்ஸப்பில் சொல்லலாம்தான். ஆனால் நான் குரல் அனுப்பத் தொடங்கினால் அவர் பக்கத்துக் கதிரையிலிருந்து திருத்தம் சொல்வார். ஆகவே, நாளை டோஹாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு இஹ்ஸானின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நீ கமரா அனுப்பியது நல்ல எண்ணத்தில்தான். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், லிவரும் சில்லும் கைப்பழக்கம், இந்தக் கமரா தானாக ஒன்றும் செய்யாது, எல்லாவற்றையும் கையால் திருக வேண்டும், மச்சானுக்குப் பொருத்தம் என்று சொன்னாய். திருகினார் தம்பி. முதல் இரண்டு நாளும் எடுத்த படம் எல்லாம் கறுப்பு. வீட்டில் வெளிச்சம் காணாதென்று ஜன்னல் சீலை எல்லாவற்றையும் கழற்றினார். பிறகு முற்றத்துக்குப் போனார், அங்கேயும் கறுப்பு. மற்றக் கமராவில் மூடியைக் கழற்றாவிட்டால் பார்க்கிறபோதே இருட்டாய் இருக்கும். இதில் கண் வைக்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. ஆகவே மூடி போட்டபடியே உலகம் முழுக்க நல்லா விளங்கும். மூடி கிடக்கிறதை நான் முதல் நாளே கண்டேன். கேட்டால்தானே சொல்லலாம். மூன்றாம் நாள் அவர் தொழுகைக்குப் போன நேரம் மூடியைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். வந்து ஒரு படம் எடுத்தார், விழுந்தது. "கை படிஞ்சிட்டுது பஹ்மியா" என்றார். ஓம் என்றேன்.

அதுக்குப் பிறகு இலக்கத்தோட சண்டை. கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையத்தில எண் கூடக் கூட வெளிச்சம் போற ஓட்டை சின்னதாகும். "இதைச் செஞ்சவன் தலைகீழா நிண்டு செஞ்சிருக்கான்" எண்டு மூணு நாள் அதே கதை. கமராவோட வந்த புத்தகத்தைப் பாருங்க எண்டு சொன்னன். கிரேனுக்குப் புத்தகம் பாத்தா ஓட்டினன் எண்டு கேட்டார். புத்தகம் குசினியில என்ட தேயிலை டின்னுக்குப் பக்கத்தில கெடந்திச்சு.

பிறகு தூரம் பழகினார். அந்தக் கண் வைக்கிற ஓட்டைக்குள்ள நடுவில சின்னக் கட்டம் ஒண்டு. அதுக்குள்ள ஆள் ரெண்டாத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக ரெண்டும் ஒண்டாகும். ஒண்டானாப் பிறகுதான் அமத்த வேணும். இதைப் பழக உன்ட மச்சானுக்குக் கெடச்ச ஆள், மோட்டார் சைக்கிள்ல மீன் கொண்டுவாற அஷ்ரப். என்ட தையல் டேப்பால ரெண்டு மீட்டர் அளந்து, இருபது நிமிஷம் அவனை வெயில்ல நிப்பாட்டி வச்சார். பெட்டியில சூரை மீன் கெடந்து கொதிக்குது. இப்ப அஷ்ரப் எங்கட ஒழுங்கைக்குள்ள வாறதில்ல. துறைமுகத்துக்குப் பக்கத்தில குடியிருந்துகொண்டு பத்து நாளா பருப்பும் முட்டையும் தின்றது இந்த ஊரிலயே நாங்கதான். அதுக்கிடையில துறைமுக வாசலுக்குப் போய்க் கப்பலைப் பாத்துக் கமராவைத் தூக்கியிருக்கார். புதுக் காவல்காரப் பொடியன் மரியாதையா, "ஐயா, இது என்ன?" எண்டு கேட்டிருக்கான். "தூரம் அளக்கிற சாமான்" எண்டு சொல்லியிருக்கார். துறைமுக வாசல்ல நிண்டு சொல்ற கதையா அது? ரெண்டு மணித்தியாலம் இருத்தி வச்சாங்க. அவர் அந்த ரெண்டு மணித்தியாலமும் அங்கத்தப் பெரிய அதிகாரிக்கு ஓட்டை இலக்கத்தை விளங்கப்படுத்தினாராம். அதுக்குப் பிறகு அவங்களே ஓட்டோ பிடிச்சு அனுப்பினாங்க.

இதெல்லாம் நான் பொறுத்தன். நப்லாட நிச்சயத்துக்கு ஸ்ரூடியோக்காரன் வேணாம், நான் எடுக்கிறன் எண்டு நிண்டாரே, அதைத்தான் பொறுக்க ஏலாமப் போச்சு. தோப்பூரிலயிருந்து மாப்பிள்ளைட உம்மா லைலாவும் சொந்தக்காரரும் ஒரு வேன் நிறைய வந்தாங்க. இவர் "அசையாதீங்க" எண்டு சொல்லிச் சொல்லி, லைலா மோதிரத்தை நப்லாட விரலுக்குக் கிட்டப் பிடிச்சபடி நிண்ட நிலையில அவக்குக் கை கடுக்கத் தொடங்கிட்டு. நாப்பத்தொரு படம். எல்லாத்தையும் அண்டைக்கே வட்ஸப்பில தோப்பூருக்கு அனுப்பிட்டார்.

அடுத்த நாள் லைலா போன் எடுத்தா. "பஹ்மியா, படம் வந்திச்சு. நப்லாட முகமும் விளங்கல்ல, என்ட முகமும் விளங்கல்ல. பின்னால நிக்கிற அலுமாரி மட்டும் சாவித் துவாரத்தோட விளங்குது. நாப்பத்தொரு தரம் காட்டியிருக்கீங்க. அந்த அலுமாரியைத் தவிர மகளுக்கு வேற ஒண்டும் தரமாட்டம் எண்டு சொல்லாமச் சொல்றீங்களா? நாங்க ஒண்டுமே கேக்கல்லயே."

போனை வச்சிட்டு நேரா அவரிட்டப் போனன். உன்ட மச்சானைக் கேட்டா, முகத்தில கோடு இல்ல, கட்டத்துக்குள்ள ரெண்டையும் ஒண்டாக்கிறது கஷ்டம், அலுமாரிட விளிம்பு நேர்க் கோடு, அதில பிடிச்சன் எண்டு சொல்றார். தோப்பூரிலயிருந்து மூணு நாள் ஒரு கதையும் இல்ல. நப்லா வாப்பாவோட கதைக்கல்ல, சோறும் தின்னல்ல. மனிசன் கமராவை மடியில வச்சபடி இருந்தார். "முப்பத்தொரு வருஷம் அவ்வளவு உயரத்திலயிருந்து சாமான் இறக்கினன், ஒரு விரல் அகலம் பிசகல்ல. என்ட புள்ளட முகத்தில பிசகிட்டுதே" எண்டார். நான் ஏசத்தான் வந்தனான், தேத்தண்ணியைக் குடுத்துட்டுப் போயிட்டன்.

வெள்ளிக்கிழமை லைலாவையும் மாப்பிள்ளையையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டன், வந்தாங்க. ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போக முந்தி உன்ட மச்சான் ஏழெட்டுப் படம் எடுத்தார். பின்னேரம் பாத்தா, லைலா நப்லாட முக்காட்டைச் சரிபண்ண ரெண்டு பேரும் சிரிக்கிற படம் ஒண்டு, கண் இமை முடி எண்ணலாம் போல அச்சொட்டா விழுந்திருக்கு. அதைக் கண்டு லைலா அழுதுட்டா. இப்ப அவட வட்ஸப்பில அந்தப் படந்தான். கலியாணம் பெருநாளுக்குப் பிறகு எண்டு முடிவாச்சு. நப்லா வாப்பாட தோள்ல சாஞ்சுகொண்டு படம் பாக்கிறாள். "எடுக்கும்போதே தெரியும்" எண்டு உன்ட மச்சான் சொல்றார்.

இந்த நிலையிலயே அவரை நிப்பாட்ட வேணும் தம்பி. இன்னொரு விசேஷத்தை என்ட உடம்பு தாங்காது. பேர் இருக்கக்குள்ளயே ஓய்வெடுங்க எண்டு சொன்னன், சம்மதிச்சிட்டார். கமராவை இஹ்ஸானிட்டக் குடுத்து விடுறன். நீயே வச்சுக்கோ, இல்லாட்டி யாருக்கும் குடு.

மச்சானும் நப்லாவும் ஸலாம் சொல்லச் சொன்னாங்க. உன்ட ரிஸ்க்கில, உழைப்பில அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ராத்தா பஹ்மியா

பி.கு.: இஹ்ஸான் கொண்டுவாற கமராப் பெட்டியை வந்த கையோட திற, இல்லாட்டி எறும்பு ஏறும். உள்ளுக்க தொதல். கமராவை அனுப்ப மனம் வரல்ல, அது என்ட தையல் மெசின் லாச்சிக்குள்ள கெடக்கு. வெள்ளிக்கிழமைப் படம் உன்ட மச்சான் ஜும்மாவில இருக்கக்குள்ள நான் எடுத்தது. நப்லாக்கும் லைலாக்கும் தெரியும், ரெண்டு பேரும் வாய் திறக்கமாட்டாங்க. வாற ஞாயிறு அடுத்த ஒழுங்கை ரிப்காட மகள்ட கலியாணத்தில பொம்புளைகள் இருக்கிற பக்கம் படம் எடுக்க நான் ஒப்புக்கொண்டிருக்கன். அந்தப் பக்கம் அவர் வர ஏலாதுதானே. இன்னொரு பெற்றறி அனுப்பு. மச்சான் போன் எடுத்துக் கமரா வந்துதா எண்டு கேட்டா, ஓம் எண்டு சொல்லு. பொய் சொல்ல ஏலாதெண்டா, பெட்டி வந்திச்சு எண்டு சொல்லு.